ஓரி கொடுத்த குவளை, அரசு கொடுத்த தாமரை

நாமகிரிப்பேட்டை என்றதும் வியாபாரிக்கு மஞ்சள் நினைவுக்கு வரும், மற்றவர்களுக்கு நாதஸ்வரம். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், ஒரு பக்கம் போதமலையும் மறுபக்கம் கொல்லிமலையும் காவல் நிற்க, நடுவே கிடக்கிற ஊர் இது. தாமரைக்குப் பேர்போன ஊர் அல்ல. செவ்வாய்க்கிழமை ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காலி என்று மஞ்சளைத் தரம் பிரித்து விலை பேசுவார்கள். தாமரைக் கிழங்குக்கு அங்கே விலை கேட்பார் இல்லை. இங்குள்ள ஏரிகள் மழைக்கு நிறைந்து கோடையில் தரை தெரிய வற்றுபவை. அப்படிப்பட்ட ஊரின் பெயரைத் தேடி 1981-இல் ஒரு தாமரை வந்தது. தண்ணீரில் பூத்த தாமரை அல்ல, வெண்கலத்தில் பூத்தது. அதைப் பெற்றவர் நாதஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன்.

பத்மஸ்ரீ பதக்கம் ஒன்றேமுக்கால் அங்குல வட்டம். கொல்கத்தாவில் அலிப்பூர் நாணயச் சாலையில் அச்சாகிறது. நடுவில் புடைப்பாக ஒரு தாமரை. பூவுக்கு மேலே தேவநாகரியில் ‘பத்ம’, கீழே ‘ஸ்ரீ’. பதக்கத்தைத் திருப்பினால் அரசு முத்திரையின் சிங்கங்கள். சாரநாத்தில் அசோகன் நிறுத்திய அசல் தூணில் அந்தச் சிங்கங்களின் பீடத்துக்கு அடியில் கவிழ்ந்த தாமரை ஒன்று உண்டு. 1950-இல் அதைத் தேசிய முத்திரையாக எடுத்துக்கொண்டபோது கீழே இருந்த தாமரையை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆகவே பதக்கத்தின் முன்பக்கத்தில் தாமரை இருக்கிறது, பின்பக்கத்தில் தாமரையை இழந்த தூண் இருக்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்த விருதுகளை 1954-இல் தொடங்கினார்கள். 1977-இல் ஜனதா அரசு இவை தேவையில்லை என்று நிறுத்தியது. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி திரும்பவும் கொண்டுவந்தார். கிருஷ்ணனுக்குக் கிடைத்தது அதற்கு அடுத்த ஆண்டு. பத்ம விருதைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டம்போல் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது விதி, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. நம் ஊர்க் கும்பாபிஷேக நோட்டீஸ் அச்சடிப்பவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். ‘பத்மஸ்ரீ’ இல்லாமல் நாயனக்காரர் பெயரைப் போட்டால் அது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று நம்மையே திருத்துவார்கள். 1924-இல் பிறந்து 2001-இல் மறைந்தவர் கிருஷ்ணன். இன்றைக்கும் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியிலும் கல்யாண மண்டபத்திலும் அவர் வாசிப்புத்தான் எத்தனையோ ஊர்களை எழுப்புகிறது.

கலைஞனுக்குத் தாமரை கொடுக்கும் வழக்கத்தை டெல்லி கண்டுபிடிக்கவில்லை. அது தமிழ்நாட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். சங்க காலத்தில் யாழோடு அரண்மனை வாசலில் போய் நின்ற பாணனுக்கு அரசன் பொன்னால் செய்த தாமரையைத் தலையில் சூட்டினான். உடன் வந்த விறலிக்குப் பொன்மாலை, முத்துமாலை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் இதைச் செய்கிறான், பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையன் செய்கிறான். ஆற்றுப்படை என்பதே பரிசு வாங்கித் திரும்பும் கலைஞன் எதிரே வரும் ஏழைக் கலைஞனுக்கு வழி சொல்வதுதான். அவன் தலையில் மின்னும் பொற்றாமரைதான் அவன் சொல்வதற்குச் சாட்சி.

எல்லாப் புலவர்களும் இதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. புறநானூற்றின் 12-ஆம் பாட்டில் நெட்டிமையார், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியிடம் ஒரு கேள்வி வைக்கிறார். பாணருக்குத் தாமரை, புலவருக்கு யானையும் தேரும் என்று அள்ளிக் கொடுக்கிறாயே, அடுத்தவன் மண்ணைக் கசக்கப் பிடுங்கி உன் ஆட்களுக்கு இனிக்கச் செய்வது அறம்தானா என்கிறார். பழிப்பதுபோலப் புகழ்வது இது என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்பது பாட்டிலேயே பதிவாகிவிட்டது.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. நாமகிரிப்பேட்டையில் நின்று நிமிர்ந்தால் தெரிகிற கொல்லிமலை, கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை. இன்றும் ஆடி மாதத்தில் மலைமேல் அவனுக்கு விழா எடுக்கிறார்கள். புறநானூறு 153-இல் வன்பரணர் தம் கூட்டத்தோடு அவனிடம் போன கதையைச் சொல்கிறார். ஓரி தாமரை கொடுக்கவில்லை. குளிர்ந்த நீரில் பூக்காத குவளையைக் கொடுத்தான். அதாவது மணிகளால் செய்த நீலப்பூவை வெள்ளி நாரில் தொடுத்துக் கொடுத்தான், யானைகளையும் சேர்த்து. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? பசி தீர்ந்துபோனதால் ஆடவும் மாட்டாமல், பாட்டையும் மறந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று குறும்பாக முடிக்கிறார் புலவர். பரிசு வாங்கிய கலைஞர்களைப் பற்றி இதைவிட நேர்மையான வரி எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. கிருஷ்ணனைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. பதக்கத்துக்குப் பிறகும் அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஓரி கொடுத்தது தாமரையின் தம்பி முறைப் பூ என்றுதான் நாம் நினைப்போம். இரண்டும் தண்ணீரில் வட்ட இலை விரிக்கின்றன, இரண்டுக்கும் அடுக்கடுக்கான இதழ்கள். பழைய தாவரவியலாளர்களும் அப்படித்தான் நினைத்து, தாமரையையும் அல்லி, ஆம்பல், குவளைகளையும் ஒரே குடும்பத்தில் அடைத்தார்கள். மரபணுவைப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த உறவு அறுந்தது. குவளைக்கும் தாமரைக்கும் கிட்டத்து உறவே கிடையாது. தாமரையின் நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் தரையில் நிற்கும் மரங்கள். ஐரோப்பியத் தெருக்களில் நிழலுக்கு வளர்க்கும் பிளேன் மரம் ஒன்று. இன்னொன்று சில்வர் ஓக். கொல்லிமலைத் தோட்டங்களில் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறும் கம்பமாகவும் நிற்கிறதே, அதே சில்வர் ஓக்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். ஓரியின் மலையில் இன்று தாமரையின் உறவினர் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள், மிளகைச் சுமந்துகொண்டு. பார்ப்பவர் யாருக்கும் அது தெரியாது.

தாமரைக் குலம் சுமார் 10 கோடி ஆண்டுகளாக இருந்து வருகிறது என்று புதைபடிவங்கள் சொல்கின்றன. டைனோசர்கள் அந்த இலைகளைப் பார்த்திருக்கும். அந்தக் குலத்தில் இன்று எஞ்சியவை இரண்டே இனங்கள். ஒன்று ஆசியாவிலும் வட ஆஸ்திரேலியாவிலும் வளரும் நம்முடையது. மற்றது வட அமெரிக்காவின் மஞ்சள் தாமரை. அல்லியிலிருந்து தாமரையைப் பிரித்தறிவது எளிது. அல்லி இலை தண்ணீரில் படுத்திருக்கும், ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். தாமரையின் முதிர்ந்த இலை தண்ணீருக்கு மேல் எழுந்து நிற்கும், வெட்டே இல்லாத முழு வட்டம், நடுவில் காம்பு.

அந்த இலையைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழியே உண்டு. ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்பவரைத் தாமரை இலைத் தண்ணீர் என்போம். துறவுக்கு உவமையாக அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். ஜெர்மனியின் பான் நகரில் வில்ஹெல்ம் பார்த்லாட் என்ற தாவரவியலாளர் மின்னணு நுண்ணோக்கியில் அந்த இலையைப் பார்த்தார். மேற்பரப்பு முழுக்க நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் மெழுகுத் துணுக்குகள். நீர்த்துளி மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு உருண்டு ஓடுகிறது, போகிற போக்கில் தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. 1997-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டே ஆண்டில் அந்த உத்தியில் சுவர்ப் பூச்சு விற்பனைக்கு வந்தது.

ஆனால் இலை எதற்காகத் தண்ணீரை உதறுகிறது? மற்ற பல செடிகளுக்கு மூச்சுத் துளைகள் இலையின் அடியில் இருக்கும். தாமரைக்கு மேல்பக்கம். தண்ணீர் தேங்கினால் மூச்சு அடைத்துவிடும். அந்த மூச்சும் இலைக்கு மட்டுமானதல்ல. சேற்றில் பிராணவாயு கிடையாது, அங்கே படுத்திருக்கும் கிழங்குக்குக் காற்று மேலிருந்துதான் வர வேண்டும். வெயிலில் சூடாகும் இலைப்பரப்பு காற்றை உள்ளே இழுத்து, காம்பிலுள்ள நீண்ட குழாய்கள் வழியாகக் கீழே தள்ளுகிறது. கிழங்கைச் சுற்றி வந்த காற்று வேறு குழாய் வழியாக ஏறி, இலையின் நடுவட்டத்தில் உள்ள பெரிய துளைகளால் வெளியேறுகிறது. தண்டை ஒடித்தால் தெரியும் அந்த ஓட்டைகளுக்கு வேலை இதுதான். ஆக, பற்றில்லாத இலை என்று நாம் கொண்டாடுவது உண்மையில் சேற்றுக்காக மூச்சுவிடும் இலை. ‘சேற்றில் முளைத்த செந்தாமரை’ என்று, ஏழை வீட்டில் பிறந்து முன்னுக்கு வந்த பிள்ளையைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு நெருடும். பிள்ளையைப் புகழ்கிற சாக்கில் அவன் தெருவைச் சேறு என்கிறோம். தாமரையே சேற்றை அப்படி நினைக்கவில்லை.

பூவுக்கும் ஒரு ரகசியம் உண்டு. ரோஜர் சீமோர், பால் ஷுல்ட்சே-மோட்டல் என்ற இருவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் தாமரைப் பூவுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். வெளியே குளிர் 10 டிகிரிக்கு இறங்கியபோதும் பூவின் நடுப்பகுதி 30 டிகிரிக்கு மேல் தன் சூட்டைக் காத்துக்கொண்டது. 1996-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது. இரவில் இதழ் மூடும்போது உள்ளே அகப்பட்ட வண்டுக்குக் கதகதப்பான அறை கிடைக்கிறது, பூவுக்கு மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. முதல் நாள் சூல்முடி தயாராகும், மகரந்தம் அதற்குப் பிறகுதான் உதிரும். தன் மகரந்தம் தனக்கே சேராமல் இருக்க இந்த ஏற்பாடு. மூன்று நான்கு நாளில் இதழ்கள் கொட்டிவிடும், நடுவிலுள்ள பொகுட்டு மட்டும் பச்சையாக நின்று விதை முற்றும்.

தண்ணீரில் நான்கு நாள் வாழும் பூ, கல்லில் ஏறிய பிறகு ஆயிரம் ஆண்டைச் சாதாரணமாகக் கடந்தது. சாரநாத் தூணின் கவிழ்ந்த தாமரையே அதற்குச் சாட்சி. நம் பக்கத்திலும் கல்லும் தாமரையும் கதையில் சேரும் இடம் ஒன்று உண்டு. நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பெயரே நாமக்கல் மலையிலிருந்து வந்ததுதான். நகரத்தின் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலை, நாமகிரி. அதைக் குடைந்து 8-ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைவரைகள் எடுத்தார்கள். கல்வெட்டு ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ என்கிறது. மலையடியில் உள்ள குளத்தின் பெயர் கமலாலயம், தாமரை வீடு. திருவாரூர்க் கமலாலயம் அளவில் இதைவிடப் பன்மடங்கு பெரியது, புகழும் அதற்குத்தான் அதிகம். ஆனால் நாமக்கல் குளத்துக்குத் தனிக் கதை உண்டு. திருமகள் இங்கே தவம் இருந்தாள். கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த அனுமன், குளத்தைக் கண்டு நீராட இறங்கினான். கல்லைக் கீழே வைக்கக் கூடாது என்பதால் தவத்தில் இருந்தவளிடம் கொடுத்தான். சொன்ன நேரத்துக்குள் அவன் திரும்பவில்லை, அவள் கீழே வைத்துவிட்டாள். கல் வளர்ந்து மலையானது. அவள் நாமகிரித் தாயார் ஆனாள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, எல்லாம் ஒரு குளத்தால் நடக்கிறது என்பது. அந்தத் தண்ணீர் இல்லையென்றால் அனுமன் நிற்காமல் போயிருப்பான், நாமக்கல்லும் இல்லை, நாமகிரிப்பேட்டையும் இல்லை.

அந்தத் தாயாரைக் குலதெய்வமாகக் கும்பிட்ட குடும்பத்தில் பிறந்தவர்தான் கணித மேதை ராமானுஜன். இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன்பு நாமக்கல் கோயிலில் மூன்று இரவுகள் தங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. 1914 மார்ச்சில் புறப்பட்டார். தம் சூத்திரங்களை நாமகிரி கனவில் தந்ததாக அவர் சொன்னதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிகம் கேள்விப்படாதது வேறொன்று. பழந்தமிழில் தாமரை ஓர் எண். ஐ, அம், பல் என முடியும் பேரெண்களைப் பற்றித் தொல்காப்பியம் விதி சொல்கிறது. உரைகாரர்கள் அவற்றுக்குத் தரும் எடுத்துக்காட்டு தாமரை, வெள்ளம், ஆம்பல். பரிபாடலில் ஊழிக்கால அளவைச் சொல்ல நெய்தலும் குவளையும் கமலமும் எண்ணாக வருகின்றன. எண்ணி மாளாததைச் சொல்ல நம்மவர்கள் கடலையோ வானத்தையோ மட்டும் பார்க்கவில்லை, ஊர்க் குளத்தையும் பார்த்திருக்கிறார்கள்.

கல்லில் ஏறியதுபோல் சுதையிலும் ஏறியது தாமரை. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு முழுத் தாமரைக் குளமே இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கால ஓவியம். மீன், வாத்து, யானை, எருமை, நடுவே கையில் தாமரைக் கொத்தோடு ஆட்கள். தமிழ்நாட்டில் தாமரையைப் பார்க்க ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் எந்தக் குளத்துக்கும் போகச் சொல்ல மாட்டேன், அங்கே போகச் சொல்வேன். அந்த ஓவியன் மொட்டு, பாதி விரிந்த பூ, முழுப்பூ, இலையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் தண்ணீரில் இறங்கிப் பார்த்திருக்கிறான். விதானத்தை அண்ணாந்து பார்க்கும் நாம் குளத்துக்கு அடியில் இருக்கிறோம்.

பாடப்புத்தகத்தில் தாமரை தேசிய மலர். 1980 முதல் ஒரு கட்சியின் சின்னமும்கூட. அதைப் பற்றிப் பேச வேறு பத்திரிகைகள் நிறையவே இருக்கின்றன.

பூச்சந்தைக்கு வருவோம். தமிழ்நாட்டில் தாமரையை மற்றப் பூக்களைப்போல எடை போட்டோ முழம் போட்டோ விற்பதில்லை. எண்ணிக்கைதான். குமரி மாவட்டத்துக் குளங்களில் இறங்கி அதிகாலையிலேயே மொட்டைப் பறித்துவிடுவார்கள், அது தோவாளைச் சந்தைக்குப் போகும், ஓணத்தின்போது கேரளத்துக்கும் போகும். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விரிந்தது வழியிலேயே உதிரும். கோயில் வாசலில் நாம் பார்க்கும் விரிந்த தாமரை பெரும்பாலும் தானாக விரிந்ததல்ல. பூக்கட்டுபவர் இதழ் இதழாகப் பின்னுக்கு மடித்து விரித்தது. இலைக்கும் தெற்கே மதிப்பு உண்டு, பூவையும் இறைச்சியையும் அதில்தான் பொட்டலம் கட்டுவார்கள். கிழங்கை வட்டமாக அரிந்து உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்தால் வற்றல். பொரித்தால் ஓட்டை ஓட்டையாய்ச் சக்கரம்போல் தட்டில் விழும். காஷ்மீரத்தில் அதே கிழங்குக்கு நத்ரு என்று பேர், அங்கே அது விருந்துச் சாப்பாடு.

பூஜைக் கடையில் தாமரைத் தண்டுத் திரி என்று ஒன்று விற்கிறார்கள். தண்டை ஒடித்து மெல்ல இழுத்தால் சிலந்தி நூலைவிட மெல்லிய இழைகள் வருவது உண்மை. மியான்மரின் இன்லே ஏரியில் அதைத் திரித்துத் துணியே நெய்கிறார்கள். ஒரு சால்வைக்கு ஆயிரக்கணக்கான தண்டு வேண்டும், அதனால்தான் அது பட்டைவிட விலை அதிகம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, திரிக் கட்டின் விலையையும் பார்த்து, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய குழப்பம் மளிகைக் கடையில் இருக்கிறது. வெள்ளையாகப் பொரிபோல் உப்பிய மக்கானாவைத் தமிழில் ‘தாமரை விதை’ என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். அது தாமரையே அல்ல. பீகாரின் மிதிலைப் பகுதிக் குளங்களில் வளரும், இலையெல்லாம் முள்ளான அல்லிக் குடும்பத்துச் செடியின் விதை. குளத்தின் அடியிலிருந்து அரித்தெடுத்து, வறுத்து, சூட்டோடு தட்டிப் பொரிய வைக்கிறார்கள். 2022-இல் ‘மிதிலா மக்கானா’ என்று புவிசார் குறியீடும் வாங்கியது. தன் சொந்தப் பெயரில் கௌரவமாக இருக்கும் பொருளுக்கு நாம்தான் இரவல் பெயர் கொடுத்திருக்கிறோம். அசல் தாமரை விதை கறுப்புக் கூடு கொண்டது, கல் மாதிரி கெட்டி. வைணவர்கள் கழுத்தில் அணியும் தாமரை மணிமாலை அதில் கோத்ததுதான்.

இரவல் பெயரில் வந்த இன்னொன்றும் இருக்கிறது, அதை நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பள்ளிபாளையத்தில் காவிரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கரைக்குக் கரை பச்சையாக மூடிக் கிடக்கும். மக்கள் ஆகாயத்தாமரை என்பார்கள், புத்தகத்தில் வெங்காயத்தாமரை. ஊதாப்பூ அழகாக இருக்கிறதென்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென் அமெரிக்காவிலிருந்து வங்காளத்துக்குக் கொண்டுவந்த செடி. சாக்கடையும் சாயக்கழிவும் கலந்த நீர் அதற்கு விருந்து. பெயரைத் தவிர தாமரையோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. தாமரை சேற்றைப் பிடித்து ஓரிடத்தில் வாழும், இது வேரைத் தொங்கவிட்டுக்கொண்டு காற்று தள்ளும் திசையெல்லாம் போகும். இரண்டும் ஒரே குளத்தில் இருந்தால் ஜெயிப்பது எது என்று கேட்க வேண்டாம்.

தாமரைக்குத் தாங்காதது இரண்டு. ஒன்று, சேறு அடிவரை காய்ந்து வெடிப்பது, அப்போது கிழங்கு செத்துவிடும். மற்றது, மேலே வண்டல் வந்து மூடுவது. காஷ்மீரத்தின் வூலர் ஏரியில் 1992 வெள்ளம் கொண்டுவந்த வண்டல் தாமரையைப் புதைத்தது. நத்ரு எடுத்துப் பிழைத்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, தூர் வாரிய இடங்களில் அது திரும்பவும் தலைகாட்டியது.

கிழங்கு சாகும், விதை அவ்வளவு சுலபத்தில் சாகாது. சீனாவின் லியாவோனிங் பகுதியில் வறண்டுபோன ஓர் ஏரியின் அடிமண்ணில் பழைய தாமரை விதைகள் கிடைத்தன. கலிஃபோர்னியாவில் ஜேன் ஷென்-மில்லர் அவற்றில் ஒன்றை முளைக்க வைத்தார், கரிமக் கணக்கில் அதன் வயது சுமார் 1,300 ஆண்டு. அதியர்கள் நாமக்கல் மலையைக் குடைவதற்கும் முன்னால் முற்றிய விதை என்று வைத்துக்கொள்ளலாம். ஊறவைத்த நாலாம் நாள் முளைவிட்டதாம். ஜப்பானில் 1951-இல் இச்சிரோ ஓகா கண்டெடுத்த விதை இன்னும் பழையது என்று கணித்தார்கள், அது அடுத்த ஆண்டே பூத்தது. அந்தச் செடியின் சந்ததிகள் இன்று உலகம் முழுக்க ‘ஓகா தாமரை’ என்ற பெயரில் பூக்கின்றன. வற்றிய ஏரியைப் பார்த்து, இங்கே தாமரை இருந்தது என்று பெரியவர்கள் சொன்னால் சிரிக்க வேண்டாம். அடிமண்ணில் இன்னும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்து மஞ்சள்காரர்களுக்குத் தாமரை வளர்ப்பைக் கற்றுக்கொடுப்பது எளிது. மஞ்சள் விரலிபோலவே அதுவும் கணுக்கணுவாக மண்ணுக்குள் ஓடும் தண்டுதான், கணுவில் முளை இருக்கும், முனை ஒடிந்தால் போச்சு. கிழங்காக நடுகிறவர்கள் படுக்கைவாட்டில் வைத்து, முளை மட்டும் மேலே தெரிய மண் போட வேண்டும். விதையாக வளர்க்க நினைத்தால் ஒரு முனையை உப்புத்தாளில் உள்ளே வெளிறிய பருப்பு தெரியும்வரை தேய்த்து, தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரத்துக்குள் பச்சை முளை வந்துவிடும். தேய்க்காமல் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும், அதுதான் அதன் சாமர்த்தியம். அகலமான தொட்டி, அடியில் ஏரிக் களிமண் ஒரு சாண், மேலே ஒரு சாண் தண்ணீர். எருவை மேலே தூவ வேண்டாம், மிதந்து நாறும். கொசு வராமல் நாலு கப்பி மீன் விடுங்கள். முதல் இலைகள் தண்ணீரில் மிதக்கும், அதைப் பார்த்து அல்லியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், நிற்கும் இலை பிறகுதான் வரும். சேலம், நாமக்கல் வெயில் அதற்குப் போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கிறது. தொட்டியை மரத்தடியிலோ மாடிப்படி நிழலிலோ வைத்துவிடாதீர்கள். நாளைக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் படாவிட்டால் இலைதான் வரும், பூ வராது.